எச்டிஎம்எக்ஸ் 1-லிருந்து 2-க்கு மாறியபோது

மொத்த வியாபாரக் கடை ஒன்றின் சரக்குக் கணக்கு மென்பொருளை எச்டிஎம்எக்ஸ் 1.9-லிருந்து 2-க்கு மாற்றினோம். சர்வரில் ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க், பிரவுசரில் வெறும் எச்டிஎம்எல். பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் வேலையெல்லாம் எச்டிஎம்எக்ஸ் என்ற இந்தச் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியிடம்தான். 2024 ஜூனில் வந்த பதிப்பு 2, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவைக் கைவிட்டது. எங்களுக்கு அதில் கவலையில்லை.

உடனே கண்ணில் படும் மாற்றங்கள் சிரமம் தரவில்லை. சர்வரிலிருந்து தானாக வரும் அறிவிப்பு நின்றுபோனது. அந்த வசதி தனி எக்ஸ்டென்ஷனாக, அதாவது லைப்ரரியோடு தனியாகச் சேர்க்க வேண்டிய துணை நிரலாகப் பிரிந்துவிட்டதுதான் காரணம். அதைச் சேர்த்து அட்ரிபியூட்களை மாற்றியதும் சரியாகிவிட்டது.

என்னைக் கலங்க வைத்தது டெலீட் கோரிக்கைதான். பதிப்பு 1-ல் அதன் விவரங்கள் ஃபார்ம் போல பாடியில் (கோரிக்கையின் உள்ளடக்கப் பகுதியில்) போகும். 2-ல் எச்டிடிபி விதிமுறைக்கு ஏற்ப யூஆர்எல்லில் போகின்றன. எங்கள் ஜாங்கோ நிரலோ பாடியைப் படித்துத்தான் ஐடிகளை எடுத்துவந்தது. டிக் செய்த பொருள்களை மொத்தமாக நீக்கினால் சர்வருக்குக் கிடைப்பது காலிப் பட்டியல். அது எதையும் நீக்காமல் 200 (வெற்றி) என்று பதில் தரும். திரையில் வரிசைகள் மறைந்துவிடும். கன்சோலில் பிழையில்லை, லாகிலும் இல்லை. பக்கத்தை ரீலோட் செய்தால் எல்லாம் திரும்ப வந்து நிற்கும்! நல்லவேளை, சோதனை சர்வரிலேயே இது தெரிந்துவிட்டது.

பக்கத்தின் மெட்டா டேக்கில் 'கெட்' கோரிக்கை மட்டும் யூஆர்எல்லைப் பயன்படுத்தட்டும் என்று எழுதினால் பழைய நடத்தை திரும்பிவிடும். நாங்கள் அதைச் செய்யாமல் சர்வர் நிரலையே திருத்தினோம். பட்டியல் காலியாக வந்தால் இப்போது 400 (தவறான கோரிக்கை) என்று பதில் போகும். இந்தச் சரிபார்ப்பு எந்தப் பதிப்பிலும் இருக்க வேண்டியது என்றே நினைக்கிறேன். அப்புறம், யூஆர்எல்லில் போவதெல்லாம் சர்வர் லாகில் பதிவாகும். ரகசியமான விவரம் எதையும் டெலீட்டோடு அனுப்பாதீர்கள்.

* * *

நல்ல பகிர்வு அண்ணா. எங்களுக்கு இடித்தது வேறு இடம். ஏபிஐ தனி சப்டொமைனில் இருந்தது. பதிப்பு 2 வேறு தளத்துக்கு (சப்டொமைனும் இதில் அடங்கும்) கோரிக்கை போவதை இயல்பாகவே தடுக்கிறது. நெட்வொர்க் டேபில் ஒன்றுமே வராததால் முதலில் வேறு தளக் கோரிக்கைகளுக்கு சர்வர் அனுமதி தரும் கோர்ஸ் அமைப்பைத்தான் சந்தேகப்பட்டோம். சொந்தத் தளத்துக்கு மட்டும் கோரிக்கையை அனுமதிக்கும் செல்ஃப்-ரிக்வெஸ்ட்ஸ்-ஒன்லி அமைப்பை மாற்றியதும் ஓடியது. பாதுகாப்புக்கு நல்ல மாற்றம்தான். பழைய புராஜெக்ட் என்றால் பதிப்பு 1-ன் நடத்தையைத் திருப்பித் தரும் 1-காம்பாட் எக்ஸ்டென்ஷன் போட்டால் போதாதா?

* * *

போதும் தம்பி, பெரும்பாலான பழைய இயல்புகள் அதில் திரும்பிவிடும், டெலீட் உட்பட. ஆனால் நீங்களே எழுதிய எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதைத் தனியாகச் சோதியுங்கள். காம்பாட் அதைச் சரிசெய்யாது.