தலைப்பின் இரு பக்கமும் போட்ட கோடு மொபைலில் மறைகிறது, உதவுங்கள்

நண்பர்களே, ஒரு நீளமான இணையப் பக்கத்தில் பகுதிகளைப் பிரிக்கக் கிடைக்கோடு போடுகிறேன். பொருள் மாறும் இடத்துக்கு எச்டிஎம்எல்லின் எச்ஆர் (hr) டேக், வெறும் அழகுக்கு சிஎஸ்எஸ்ஸின் பார்டர்-டாப் (மேல் விளிம்புக் கோடு). அதுவரை குழப்பமில்லை.

ஃப்ளெக்ஸ் (பகுதிகளை அடுக்கும் சிஎஸ்எஸ் முறை) நெடுவரிசைக்குள் எச்ஆர் போட்டதும் கோடு சுருங்கிப் புள்ளியாகிவிட்டது! அதற்கு இடமும் வலமும் இயல்பாகவே ஆட்டோ மார்ஜின் (மீதி இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் வெளி ஓரம்) உண்டு, அதனால்தான் விரியவில்லை. விட்த் (அகலம்) 100% கொடுத்ததும் சரியானது.

அப்புறம் கோட்டின் நடுவே தலைப்பு வரவேண்டும் என்று தலைப்பின் முன்னும் பின்னும் சிஎஸ்எஸ் சேர்க்கும் பிஃபோர், ஆஃப்டர் இரண்டையும் கோடாக்கி, மீதி இடத்தை நிரப்ப ஃப்ளெக்ஸ் 1 கொடுத்தேன். கணினியில் அழகாக வந்தது. மொபைலில் தலைப்பு இரண்டு வரியாக மடங்கினால் இரண்டு கோடுகளையும் காணோம். கோடுகளுக்கு மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) 2 ஆர்இஎம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப் போல் இரு மடங்கு) வைத்தால் போதுமா, கிரிட்டுக்கே (கட்டங்களாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறை) மாறிவிடலாமா? நீளமான தமிழ்த் தலைப்புகளோடு செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.