"ஒரு மணி நேரம்தான் ஆடினேன்" என்பவர்களை நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்

ஆற்றுப்படுத்துநர்

ஸ்லாட் என்ற சுழல் சூதாட்டத்தைப் போனில் ஆடும் இளைஞர் ஒருவர். நேற்று எவ்வளவு நேரம் ஆடினீர்கள் என்றால் "ஒரு மணி நேரம் இருக்கும்" என்றார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். வங்கிக் குறுஞ்செய்திகளை வரிசையாகத் திறக்கச் சொன்னேன். ஆட்டக் கணக்கில் காசு போட்ட முதல் டெபாசிட் இரவு 9.52. கடைசி டெபாசிட் விடிகாலை 4.17. முதல் இரண்டுக்கும் நடுவே முக்கால் மணி நேரம் இருந்தது. கடைசி நான்கும் பத்து நிமிடத்துக்குள் போயிருந்தன. தொகையைப் பார்த்து அவர் அதிரவில்லை. அந்த 4.17-ஐக் கட்டைவிரலால் மூடினார், எடுத்தார், மறுபடி மூடினார்.

இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஆனால் முதலில் அவர் வாயால் சொல்லும் நேரத்தைக் காகிதத்தில் எழுதிவிட்டுத்தான் போனைத் திறக்க வேண்டும். முன்னதாகவே காட்டிவிட்டால் "எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிடுவார்கள்.

மனநலக் கோளாறுகளை அடையாளம் காணும் கையேடான டி.எஸ்.எம்-5 சொல்லும் ஒன்பது அறிகுறிகளில், 12 மாதத்துக்குள் நான்கு இருந்தாலே சூதாட்டக் கோளாறு என்று கணக்கு. நேரம் மறப்பது அந்த ஒன்பதில் தனியாக இல்லை. அதனாலேயே பலர் இதைக் கேட்பதில்லை.

குதிரைக்கட்டம்

செஸ் போட்டிகள் நடத்துகிறோம். மதியச் சாப்பாட்டை மறந்து ஆடும் பிள்ளைகளை எப்போதும் பார்க்கிறோம். நாவல் படிப்பவருக்கும் நேரம் போவது தெரியாதுதான். அதையெல்லாம் நோய் என்பீர்களா?

இரவுப்பணி செவிலியர்

குதிரைக்கட்டம், செஸ் ஆடி எழுந்த பிள்ளையிடம் நடுஆட்டத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எந்தக் காயை எதற்காக நகர்த்தினான் என்று சொல்வான். இரவெல்லாம் ஸ்லாட் ஆடியவரிடம் அதையே கேளுங்கள். பெரிதாக விழுந்த ஒன்றிரண்டைத் தவிர ஒன்றும் மிஞ்சியிருக்காது. டுராண்ட் ஜேக்கப்ஸ் என்ற உளவியலாளர் 1980களிலேயே இதைத்தான் கேள்விகளாக்கினார்: நேரம் மறந்ததா, மயக்கத்தில் இருப்பதுபோல் இருந்ததா, வேறொரு ஆளாக மாறியதுபோல் இருந்ததா, வெளியே நின்று தன்னையே பார்ப்பதுபோல் இருந்ததா, நடந்ததே நினைவில் இல்லாமல் போனதா. நேரத்தோடு மற்றவையும் சேர்ந்து வந்தால் கவலைப்பட வேண்டும்.

எங்கள் வார்டுக்கு வந்த ஒரு நீரிழிவு நோயாளி, "ராத்திரி ஊசியெல்லாம் சரியாகப் போட்டுக்கொள்கிறேன்" என்று சாதித்தார். அவருடைய குளுக்கோமீட்டர் நினைவகத்தைப் புரட்டினோம். ஆடிய இரவுகளில் படுக்கும் முன் பார்க்க வேண்டிய சர்க்கரை அளவே இல்லை, மறுநாள் காலையில் நேராக 300க்கு மேல். ஆகவே "எத்தனை மணி நேரம்" என்று கேட்காதீர்கள். உடம்பைக் கேளுங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாரா, கால் மரத்துப்போனது எழுந்தபிறகுதான் தெரிந்ததா, எந்த வேளை மருந்து தவறியது?

திரைக்குப்பின்

ஆளை மட்டும் குறை சொல்கிறோம். ஆட்டம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு சுழற்சி சில நொடிகளில் முடியும், அடுத்தது உடனே. சீட்டாட்டத்தில் கலைக்கும் இடைவெளியாவது உண்டு. 20 காயின் கட்டி 6 திரும்பினால் 14 நஷ்டம். ஆனால் விளக்கும் இசையும் ஜெயித்ததுபோல வரும். தோற்றேன் என்று உணரும் கணம்தான் ஆள் தலை நிமிர்ந்து பார்க்கும் கணம், அதையே எடுத்துவிடுகிறார்கள். பிரிட்டனில் 2021 முதல் ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு சுழற்சி 2.5 நொடிக்குக் குறையக் கூடாது, தானாகச் சுழலும் வசதி கூடாது, கட்டியதைவிடக் குறைவாகத் திரும்பினால் கொண்டாட்டச் சத்தம் கூடாது, ஆடிய நேரம் திரையில் தெரிய வேண்டும்.

பூட்டும்சாவியும்

அலாரம் வைத்தால் போதும் என்று தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள். ஆடும் போனிலேயே அலாரம் வைத்தால் விரல் அதைத் தள்ளிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பும். "ஒரு மணி நேரம் ஆகிவிட்டது" என்ற பாப்-அப்பில் "தொடர்க" என்ற பொத்தான், சுழற்றும் பொத்தான் இருந்த இடத்திலேயே வந்தால் படிக்காமலே அழுத்திவிடுவார்கள். அலாரம் வைத்தே ஆக வேண்டுமென்றால் தனிக் கடிகாரம், அடுத்த அறையில், எழுந்து போய் நிறுத்துகிற மாதிரி.

நேர வரம்பைவிட டெபாசிட் வரம்பு பலமானது. மணி தெரியாதவரையும் காசு தீர்ந்தால் ஆட்டம் நிறுத்திவிடும். அதைத் தெளிவாக இருக்கும் பகல் பொழுதில் போடுங்கள். சேமித்து வைத்த கார்டு விவரத்தை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் 16 எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால் அந்த ஒரு நிமிடமே இடைவெளி. வங்கியில் சூதாட்டத் தடை வசதி இருந்தால் கேட்டுப் போடுங்கள். பெட்பிளாக்கர் என்ற தடுப்பு ஆப் இலவசம், ஆனால் ஒரு போனில் மட்டும் போட்டால் பயனில்லை. அலமாரியில் கிடக்கும் பழைய போன், பிள்ளையின் டேப்லெட் வழியாகத்தான் திரும்பிப் போவார்கள்.

இன்னொன்று. பார்கின்சன் என்ற நடுக்குவாத நோய்க்குப் பிரமிபெக்சோல், ரோபினிரோல் எடுப்பவர்களுக்கும், மனநலத்துக்கு அரிபிபிரசோல் எடுப்பவர்களில் சிலருக்கும், முன்பு இல்லாத சூதாட்ட வெறி மருந்தாலேயே வரலாம். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. மருந்து தொடங்கிய தேதி, அளவு கூட்டிய தேதி, முதல் டெபாசிட் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டுங்கள்.