நாலே சுரத்தில ஒரு மெல்லிசைப் பாட்டு, உதவி வேணும்

அண்ணாமார், அக்காமார், வணக்கம். எனக்கு ஊர் கல்லடி. மட்டக்களப்பு வாவியைப் பற்றி ஒரு மெல்லிசைப் பாட்டை மகதி ராகத்தில கட்டிக்கொண்டிருக்கிறன். கர்நாடக இசைப் பாடகர் பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கின ராகம். ச, க, ப, நி எண்டு நாலே சுரம். 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில 'அதிசய ராகம்' பாட்டு வந்தது இதிலதான்.

பல்லவி நல்லா வந்திட்டுது. சரணத்திலதான் சிக்கல். ச-வை கீபோட்டில 'சி' எண்டு வெச்சா, நாலு சுரத்தையும் சேர்த்துப் பிடிச்சாலே சி செவன்த் எண்ட கோர்ட் (ஒண்டா ஒலிக்கிற சுரக் கூட்டு). கீபோட் வாசிக்கிற தம்பிக்குக் அதுக்கடுத்து கை தானாகவே எஃப் கோர்ட்டுக்குப் போகுது. அதில வாற மத்திமமும் (ம) தைவதமும் (த) இந்த ராகத்திலயே இல்ல! கேக்க இனிமைதான், ஆனா மகதி போயிடுது. வெறும் சுருதியோட விட்டா மறுகா பாட்டு வெறுமையாக் கிடக்கு. எனக்கு இந்த ராகத்தை விட மனமில்ல.

கோர்ட் இல்லாம, பேஸும் வயலினும் மட்டும் வெச்சு ஆரும் செய்து பார்த்தீங்களா? சரணத்தில வேற ராகத்துக்கு மாறுறதெண்டா எந்தச் சுரத்தில நிண்டு மாறலாம்? பாடிக் காட்டி ஒரு குரல் பதிவு போட்டாலும் பெரிய உதவி.