மலையாளம்–தமிழ் விதிவழி மொழிபெயர்ப்பு: வினைமுற்று விகுதியை எப்படித் தீர்மானிப்பது?

கேள்வி — உருபன்

அனைவருக்கும் வணக்கம். அபெர்டியம் (Apertium) என்ற கணினி மொழிபெயர்ப்புக் கருவித்தொகுப்பைக் கொண்டு மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் விதிவழி அமைப்பொன்றை ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறேன். அகராதி ஓரளவு நிரம்பிவிட்டது. வேற்றுமை உருபுகளும் நான் அஞ்சிய அளவுக்குத் தொல்லை தரவில்லை. என்னைத் தடுத்து நிறுத்தியிருப்பது வினைமுற்று. மலையாளத்தில் ‘வந்நு’ என்ற ஒரே வடிவம் எல்லா எழுவாய்க்கும் பொருந்துகிறது. தமிழிலோ வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று தனித்தனியாக விகுதி வேண்டும். வினைக்கு முன்னால் மிக அருகில் உருபேற்காமல் நிற்கும் பெயரைத் தேடி, அதன் பாலை வினைக்குக் கொடுக்குமாறு விதி எழுதினேன். ‘ராத வந்நு’ என்பது ‘ராதை வந்தாள்’ என்று சரியாக வருகிறது. ‘ராத புஸ்தகம் வாயிச்சு’ என்று கொடுத்தால் ‘ராதை புத்தகம் படித்தது’ என்று வந்து நிற்கிறது. எழுவாயே இல்லாத வாக்கியங்களில் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. இவை அனைத்தையும் விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களிலிருந்து தானே கற்கும் நரம்பியல் வலையமைப்பைப் பயிற்றுவிக்குமாறு நண்பர்கள் சொல்கிறார்கள். விதிகளைக் கொண்டே இதைத் தீர்க்க வழி உண்டா?

மறுமொழி — பாலக்காட்டு வாசகர்

உங்கள் விதி தவறிய இடம் வினையில் இல்லை, செயப்படுபொருளில் இருக்கிறது. மலையாளத்தில் உயிருள்ளவற்றுக்குத்தான் இரண்டாம் வேற்றுமை உருபு கட்டாயமாக வரும். புத்தகம், சோறு, வீடு போன்றவை பெரும்பாலும் உருபின்றியே செயப்படுபொருளாக நிற்கும். ஆகவே வினைக்கு அருகில் உருபேற்காமல் நிற்கும் பெயர் பல வாக்கியங்களில் எழுவாயாக இருக்காது. அகராதியில் ஒவ்வொரு பெயருக்கும் திணையையும், ஒவ்வொரு வினைக்கும் அது செயப்படுபொருள் குன்றியதா குன்றாததா என்பதையும் குறித்து வையுங்கள். குன்றா வினைக்கு முன்னால் உருபில்லாத பெயர்கள் இரண்டு இருந்து, அவற்றில் ஒன்று உயர்திணையாகவும் மற்றது அஃறிணையாகவும் இருந்தால், உயர்திணைப் பெயரை எழுவாயாகக் கொள்ளலாம்.

இதுவும் எல்லா இடத்திலும் போதாது. ‘ராத கோபாலன் பறஞ்ஞது கேட்டு’ என்ற வாக்கியத்தில் கேட்டவள் ராதை. வினைக்கு அருகில் நிற்பவனோ கோபாலன். ‘பறஞ்ஞது’ (சொன்னது) என்ற வினையாலணையும் பெயர் தன் எழுவாயைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டது என்பதை விதி முதலில் உணர்ந்து, அந்தப் பகுதியை ஒரே கூறாகக் கட்டிய பிறகே முற்றுவினையின் எழுவாயைத் தேட வேண்டும். பெயரெச்சமும் வினையெச்சமும் தமிழிலும் பால் காட்டாதவை என்பதால், ‘வந்ந ஆள்’ எந்தச் சிக்கலுமின்றி ‘வந்த ஆள்’ ஆகிவிடும்.

மலையாள இலக்கண அறிஞர் ஏ. ஆர். ராஜராஜ வர்மா தம் ‘கேரள பாணினீயம்’ நூலில், தமிழிலிருந்து மலையாளம் விலகியதற்கு ஆறு நயங்களை, அதாவது மாற்றப் போக்குகளை, சொல்கிறார். அவற்றுள் ‘புருஷபேத நிராஸம்’ என்பது உங்களுடைய இந்தச் சிக்கலேதான்: வினையிலிருந்து இடமும் பாலும் காட்டும் விகுதி கழன்றுபோனது. ‘வந்து’ என்பதை ‘வந்நு’ ஆக்கிய மெல்லின மிகுதியையும் அங்கேயே விளக்குகிறார். விதி எழுதுவோர் அந்த ஆறு நயங்களையும் ஒருமுறை ஊன்றிப் படிப்பது பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

மறுமொழி — சொற்பிரிப்பான்

மேலே சொன்னவற்றை அபெர்டியத்தில் எங்கே வைப்பது என்பதைச் சொல்கிறேன். இருமொழி அகராதியில் வினைக்கு விகுதியைத் தரவே கூடாது. எசுப்பானியம்–காட்டலான் போன்ற மொழி இணைகளில், ஒரு மொழியில் வெளிப்படாத பாலை ‘இனித் தீர்மானிக்கப்பட வேண்டியது’ என்ற குறியோடு அனுப்பி, மாற்றுவிதிகளில் நிரப்புவது நெடுநாள் வழக்கம். இடத்துக்கும் பாலுக்கும் அதையே செய்யுங்கள். முதற்படி விதிகள் சொற்களைக் கூறுகளாகக் கட்டட்டும். கூறுகளுக்கு இடையிலான இரண்டாம் படியில் எழுவாயைத் தேடி வினைக்கூறில் நிரப்புங்கள். எது எழுவாய் என்று முடிவுசெய்யும் வேலையை, அதற்கு முன்பே, மொழியியலாளர் பிரெட் கார்ல்சன் 1990இல் முன்வைத்த கட்டுப்பாட்டு இலக்கண முறையில் எழுதுவது எளிது. பொருந்தாத பகுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகலாம்.

‘ஆணு’ (ஆகும்) என்ற சொல்லை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை போலும். ‘இது என்றெ வீடாணு’ என்பதில் அதைக் கைவிட்டால் ‘இது என் வீடு’ என்று வந்துவிடும். ‘கோபாலனாணு வந்நது’ என்பதில் கைவிட்டால் வாக்கியத்தின் அழுத்தமே போய்விடும். அதை ‘கோபாலன்தான் வந்தான்’ என்று ஆக்குவதற்கு, ஆணு ‘தான்’ ஆகவும், ‘வந்நது’ என்ற பெயர் முற்றுவினையாகவும் மாற வேண்டும். இதற்குத் தனி விதி எழுதியே ஆக வேண்டும்.

‘புத்தகத்தைப் படித்தாள்’ என்பதில் மிகும் ‘ப்’ என்ற ஒற்றெழுத்தை, தமிழ்ச் சொல்வடிவங்களை ஆக்கும் படிக்குப் பிந்திய கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எசுப்பானியத்தில் அடுத்தடுத்து வரும் இரு சொற்களை ஒன்றாகச் சேர்ப்பது அந்தக் கட்டம்தான். சொல்லளவிலும் எச்சரிக்கை தேவை: ‘குட்டி வெள்ளம் குடிச்சு’ என்றால் ‘குழந்தை தண்ணீர் குடித்தது’; ‘வெள்ளப்பொக்கம்’ என்றால்தான் நம்முடைய வெள்ளம்.

மறுமொழி — பழைய நிரலர்

எழுவாய் இல்லாத வாக்கியத்தைப் பற்றி எவரும் சொல்லவில்லை. முந்தைய வாக்கியத்தின் எழுவாயை ஒரு மாறியில் வைத்திருந்து பயன்படுத்தலாம். பத்தி மாறும்போது அதைத் துடைத்துவிட வேண்டும். அதுவும் கிடைக்காதபோது ஊகிக்காதீர்கள் என்பது என் கருத்து. ஐஐடி கான்பூரில் உருவான அனுசாரகா என்ற கணினி மொழிபெயர்ப்பு அமைப்பு, மூலத்தில் இருப்பதை இழக்காமலும் இல்லாததைச் சேர்க்காமலும் வாசகரிடம் கொண்டு சேர்ப்பதையே கொள்கையாகக் கொண்டிருந்தது. நீங்களும் ‘வந்தான்/வந்தாள்’ என்று இரண்டையும் காட்டினால், திருத்துபவர் ஒரு நொடியில் தேர்ந்துகொள்வார். தவறான பாலைச் சரளமாகக் கொடுத்தால் அவர் கவனிக்காமலே கடந்துவிடுவார்.

நரம்பியல் முறை வலிமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குப் பெருமளவில் இணை வாக்கியங்கள் தேவை, அது தவறும்போது எந்த வரியில் தவறியது என்று காட்டவும் முடியாது. கனடாவின் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றிய மெட்டியோ அமைப்பு 1977 முதல் 2001 வரை விதிகளைக் கொண்டே அன்றாடம் உழைத்தது. அதன் களம் குறுகலாக இருந்ததே காரணம். உங்களுக்குக் களம் அகலமானாலும் மொழிகள் நெருங்கியவை. தொடருங்கள்.

கேள்வி கேட்டவர் — உருபன்

மூவருக்கும் நன்றி. திணைக் குறியைச் சேர்த்ததும் ‘ராதை புத்தகம் படித்தாள்’ என்று வந்துவிட்டது. ‘கோபாலன் பறஞ்ஞது’ இன்னும் இடறுகிறது. ‘அம்ம வந்நு’ என்பதை ‘அம்மா வந்தாள்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா?

மறுமொழி — பாலக்காட்டு வாசகர்

இரண்டும் தமிழே. உரைநடைக்கு ‘வந்தார்’ என்று வைத்து, உறவுப்பெயர்களுக்கு மட்டும் தனிக்குறி கொடுங்கள். கதை மொழிபெயர்ப்பவர் அந்த ஒரே வரியை மாற்றிக்கொள்ளலாம்.