பெயர்த்து வைத்த ரயில் நகரக் கட்டடங்கள் மரபுச் சின்னங்கள் ஆகுமா?

கேள்வி:

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிராண்ட் ஐலண்ட் நகரிலுள்ள ஸ்டூர் அருங்காட்சியகத்தை அண்மையில் குடும்பத்துடன் பார்த்தோம். 1890களின் ரயில் நகரம் ஒன்றைக் கடைத்தெரு, கொல்லர் பட்டறை, குடியிருப்புகள் என அங்கே கண்முன் நிறுத்தியிருக்கிறார்கள். நடிகர் ஹென்றி ஃபோண்டா 1905இல் பிறந்த சிறிய மரவீடும் அவற்றுள் ஒன்று. ஆனால் அந்த வீடு உட்படப் பல கட்டடங்கள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை என்று அறிந்தபோது ஐயம் எழுந்தது. நின்ற மண்ணை விட்டு வந்த கட்டடத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது முறைதானா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி:

தங்கள் ஐயம் நியாயமானதே. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான அமெரிக்கத் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேடும், இடம்பெயர்த்த கட்டடங்களைப் பொதுவாக ஏற்பதில்லை. கட்டடக்கலைச் சிறப்பு முதலான சில காரணங்களுக்காகவே விலக்கு அளிக்கிறது.

ஆயினும், பிரெய்ரி புல்வெளியைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் முழுமையாகப் பொருந்தாது என்பது என் கருத்து. அங்கே மரங்கள் அரிது. முதலில் வந்தவர்களில் பலர் வேரோடு வெட்டியெடுத்த புல்தரைக் கட்டிகளைச் செங்கல் போல அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழைக்காலத்தில் கூரையிலிருந்து சேறு ஒழுகும். ரயில் வந்த பிறகுதான் மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளின் பைன் பலகைகள் மலிவாகக் கிடைத்தன. மெல்லிய சட்டங்களை இயந்திர ஆணிகளால் இணைத்துக் கட்டிய அந்த வீடுகள் எடை குறைந்தவை ஆதலால், உருளைகளின்மேல் ஏற்றிக் குதிரைகளைப் பூட்டி இழுத்துச் செல்வது அக்காலத்திலேயே வழக்கமாக இருந்தது.

தெற்கு டகோட்டாவின் டி ஸ்மெட் ஊரில் உள்ள நில அளவையாளர் வீடு நல்ல உதாரணம். ரயில் நிறுவனத்திற்காகச் சில்வர் ஏரிக்கரையில் கட்டப்பட்ட அந்த வீட்டில்தான், எழுத்தாளர் லாரா இங்கால்ஸ் வைல்டர் சிறுமியாக இருந்தபோது அவருடைய குடும்பம் 1879-80 குளிர்காலத்தைக் கழித்தது. 1884இல் அதை ஊருக்குள் இழுத்து வந்தார்கள். அருங்காட்சியகம் என்ற எண்ணமே இல்லாத காலத்தில் நடந்த இடமாற்றம் அது. அந்த வீட்டின் வரலாற்றில் அதுவும் ஒரு பகுதி அல்லவா?

இரண்டாவது மறுமொழி:

முந்தைய நண்பர் கூறியதை மறுக்கவில்லை; ஆனால் 1884இல் தேவைக்காக நகர்த்தியதும், பிற்காலத்தில் காட்சிக்காக நகர்த்தியதும் ஒன்றாகிவிடாது. ரயில் நகரத்தில் ஒரு கட்டடத்தின் பொருளே அது தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தொலைவில், எத்திசை நோக்கி நிற்கிறது என்பதில்தான் அடங்கியிருக்கிறது. இந்த ஊர்களில் பல, ரயில் நிறுவனங்களே மனை பிரித்து விற்றவை. விவசாயி ஒரே நாளில் தானிய வண்டியோடு வந்து திரும்பும்படி, ஊருக்கு ஊர் ஏறத்தாழ 7 முதல் 10 மைல் இடைவெளி விட்டார்கள். தானியக் கிடங்குகள் தண்டவாளத்தை ஒட்டி நிற்க, கடைத்தெரு அதற்குச் செங்குத்தாகச் செல்லும். டி ஸ்மெட்டின் காலுமெட் அவென்யூவில் நடந்தால், 1880-81 குளிர்காலத்தில் பனி மூடி மாதக்கணக்கில் ரயில் நின்றபோது அந்தத் தெரு முழுவதும் எந்தத் திசையைப் பார்த்துக் காத்திருந்திருக்கும் என்பது எளிதில் விளங்கும். இந்த உறவை எந்தத் திறந்தவெளி அருங்காட்சியகத்தாலும் பெயர்த்து எடுத்துச் செல்ல இயலாது.

இருந்தாலும், பெயர்த்திராவிட்டால் இடித்திருப்பார்கள் என்ற நிலையில் பெயர்ப்பதே மேல். நெப்ராஸ்காவின் பியாட்ரிஸ் ஊருக்கு அருகிலுள்ள ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவிலும் 1867ஆம் ஆண்டின் பால்மர்-எப்பர்ட் மரக்குடில் வேறிடத்திலிருந்து வந்ததே. அதே பூங்காவின் ஃப்ரீமன் பள்ளியோ 1872 முதல் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் வேறுபாடு தானே புலப்படும்.

மூன்றாவது மறுமொழி:

கட்டடங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறியவருக்கு 160 ஏக்கர் வரை வழங்கியதே, அந்த நிலம் யாருடையது? நடு நெப்ராஸ்காவில் வாழ்ந்த பானி என்னும் பூர்வகுடி மக்கள் அமெரிக்க அரசுடனான 1857 உடன்படிக்கையில் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை இழந்து, 1870களில் இன்றைய ஒக்லஹோமா பகுதிக்குப் பெயர்ந்தார்கள். அதே 1857இல்தான் ஜெர்மானியக் குடியேறிகள் கிராண்ட் ஐலண்ட் பகுதிக்கு வந்தார்கள். 1866இல் யூனியன் பசிபிக் தண்டவாளமும் வந்து சேர்ந்தது. ஸ்டூர் வளாகத்தில் பானி மக்களின் மண்வீட்டின் மாதிரி ஒன்றும் உண்டு. கடைத்தெருவைப் பார்த்த களைப்பில் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். இடம்பெயர்ந்தவற்றைப் பற்றித் தாங்கள் கேட்டிருப்பதால், அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் பரிந்துரை.