கடைசி வரிசைக்குக் கேட்டதா, இல்லையா?

ஒலிப்பலகை:
"காலர் மைக் மாட்டிக்கொண்டு நாடகம் போடுகிறவனுக்கு நடிக்கத் தெரியாது" என்று மேடைப்பித்தன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. மூன்று வாரம் நம் கல்லூரியில் பாட்டு, நடனம், நாடகம் என்று மாறி மாறி நடந்தது. அத்தனை மாலையும் மைக், ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஒலிப்பலகையில் உட்கார்ந்திருந்தவன் நான். மைக் இல்லாமல் நடந்தது உங்கள் நாடகம் மட்டும்தான். கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சாகிற காட்சியில் எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்தில் குனிந்து "என்ன சொல்லிட்டுச் செத்தாங்க?" என்று கேட்டார்.

மேடைப்பித்தன்:
கேட்டது. ஒத்திகையில் நானே கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு சொல் தவறவில்லை. கிரேக்கத்தில் எபிடாரஸ் அரங்கம் கிமு 4ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். அங்கே எந்த மைக் இருந்தது தம்பி?

ஒலிப்பலகை:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். ஒத்திகையில் அரங்கம் காலியாக இருந்தது. ஆள் நிறைந்ததும் உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சிவிடும். 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. பேச்சு நின்ற பிறகும் ஐந்தரை விநாடி வரை ஒலி சுற்றிக்கொண்டே இருந்ததுதான் காரணம். வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து போட்டுப் போட்டு அளந்தார், ஆட்களை உட்கார வைத்தும் அளந்தார். இரண்டுமே ஒலியை உறிஞ்சின. அதனால் உங்கள் ஒத்திகைக் கணக்கு செல்லாது. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை.

மேடைப்பித்தன்:
நீங்கள் சொன்னதையே திரும்பப் படியுங்கள். எதிரொலி குறைந்தால் பேச்சு தெளிவாகத்தானே ஆகும்? அப்படியானால் ஆள் நிறைந்த அன்று இன்னும் நன்றாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்டது.

முன்வரிசை:
கேட்டது என்றால் சத்தம் காதில் விழுந்ததா, சொல் புரிந்ததா? முதலில் அதைச் சொல்லிவிட்டுப் பேசலாமே.

ஒலிப்பலகை:
தெளிவு கூடும், ஒலியின் அளவு குறையும். முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதபடி பேசிய வசனம் பின்சுவர் வரை எப்படிப் போகும்? எபிடாரஸ் பெருமையும் வேண்டாம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் அங்கே போய் அளந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். கிசுகிசுப்பது மேல்வரிசைக்குப் புரியாது என்று தெரிந்தது.

மேடைப்பித்தன்:
குரலெடுத்துப் பேசினால் மேல்வரிசை வரை புரியும் என்றும் அதே ஆய்வில்தான் வந்தது. பாதியை மட்டும் எடுத்து வீசாதீர்கள். எங்கள் பெண் நாலு மாதம் மூச்சுப் பயிற்சி செய்தாள். அந்த உழைப்பைக் கன்னத்தில் ஒட்டிய கம்பிக்குக் கொடுக்க மாட்டேன்.

கால்தாளம்:
உங்கள் உழைப்பு இருக்கட்டும். நாற்காலி வைக்கிற இடத்துக்கு மேடை முழுக்கப் பச்சை நாடா ஒட்டிவிட்டுப் போனீர்களே, மறுநாள் வெறுங்காலோடு ஆடியது நாங்கள். சுழலும்போது குதிகாலில் நாடா ஒட்டி ஒரு பெண் தடுமாறினாள். அவள் விழாமல் இருந்ததே பெரிய விஷயம்.

மேடைப்பித்தன்:
அதைச் சொல்லாமல் கொள்ளாமல் உரித்தது யார்? குறி இல்லாமல் இரண்டாம் காட்சியில் நாற்காலி ஓரடி தள்ளிப் போனது. முக்கியமான வசனத்தை எங்கள் பெண் இருட்டில் நின்று பேசினாள். பின்னால் இருந்தவர்களுக்கு முகம் தெரியவில்லை, அதனால்தான் கேட்காத மாதிரி இருந்திருக்கும்.

ஒலிப்பலகை:
ஆக, கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டீர்கள்.

மேடைப்பித்தன்:
ஒத்துக்கொள்ளவில்லை. முகம் தெரியவில்லை என்றேன். போன வருடம் பாட்டுக் கச்சேரியில் உங்கள் ஸ்பீக்கர் கிறீச்சிட்டு எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்களே, அதைப் பற்றியும் பேசலாமா?

ஒலிப்பலகை:
பாடகர் மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் வந்து நின்றார். ஸ்பீக்கர் ஒலி மைக்கில் புகுந்து திரும்பத் திரும்பப் பெருகினால் கிறீச்சிடத்தான் செய்யும். நிற்கிற இடத்தை மூன்று தடவை சொல்லியிருந்தேன். பேச்சை மாற்றாதீர்கள். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை, கேட்கவில்லை.

முன்வரிசை:
நான் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

கால்தாளம்:
எனக்கும்தான். அடுத்த தடவை நாடாவை ஒட்டுகிறவரே வந்து உரித்துவிட்டுப் போகட்டும்.

மேடைப்பித்தன்:
எங்கள் நாடகத்துக்கு முன்னால் உரிக்காமல் இருந்தால் உரிக்கிறோம்.