தீசிஸுக்குப் புள்ளியியல் எங்கிருந்து தொடங்குவது? ரத்தசோகை டேட்டா கையில் இருக்கிறது

பொதிகைச்சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடம் துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது சமுதாய நல நர்சிங்கில் எம்.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கிறேன். தலைப்பு: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களின் படிப்புக்கும் ரத்தசோகைக்கும் உள்ள தொடர்பு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று டேட்டாவை, அதாவது 2019-21-இல் எடுத்ததை, பதிவு செய்து அனுமதி வாங்கி இலவசமாகவே இறக்கி வைத்திருக்கிறேன்.

வகுப்பில் டி டெஸ்ட், கைஸ்கொயர் என்று சூத்திரமாக எழுதிப் பாஸ் பண்ணியாகிவிட்டது, ஆனால் எதை எப்போது போடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பணம் கொடுத்தால் எல்லா டேபிளையும் போட்டுத் தருவதற்கு ஆள் இருக்கிறது, சீனியர்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, முகம் முகமாகப் பார்த்த பெண்களைப் பற்றிய கணக்கு இது, வைவாவில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அரசு அறிக்கையில் தமிழ்நாட்டுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம் என்று இருக்கிறது, எனக்கு அதைவிடக் குறைவாக வருகிறது. அப்புறம், எந்த மாறியைப் போட்டாலும் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.001-க்குக் கீழேயே வருகிறது, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எந்தப் பாடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

எண்ணும்எழுத்தும்:

சகோதரி, பாடத்தைத் தேடிப் போக வேண்டாம், அந்த 53.4 உங்கள் கணினியில் வருகிற வரைக்கும் வேறு எதையும் தொடாதீர்கள். அச்சில் வந்த ஓர் எண்ணை அதே டேட்டாவிலிருந்து நம் கையால் திரும்ப எடுப்பது போன்ற பயிற்சி வேறு கிடையாது, நான் படித்ததெல்லாம் அப்படித்தான்.

முதலில் எடை, அதாவது மாதிரியில் உள்ள ஒருவர் வெளியே எத்தனை பேருக்காகப் பேசுகிறார் என்ற கணக்கு. தமிழ்நாட்டில் 32 மாவட்டங்களில் 27,929 வீடுகள், 25,650 பெண்கள். மாவட்டத்துக்குச் சராசரியாக 870 வீடு என்று வருகிறது, ஏனென்றால் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனியாக எண் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த ஆய்வைத் திட்டமிட்டார்கள். பெரம்பலூரில் எத்தனை பேர், சென்னையில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள், மாதிரியில் உள்ள ஒரு பெரம்பலூர்ப் பெண்ணும் ஒரு சென்னைப் பெண்ணும் வெளியே இருக்கிற ஒரே அளவு பெண்களுக்காகப் பேச முடியாது. அதைச் சரிசெய்யத்தான் வி005 என்ற மாறி. அதைப் பத்து லட்சத்தால் வகுத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது கொத்து, பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து அதில் 22 வீடுகளை எடுப்பார்கள். அந்த 22 வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே ரேஷன் கடை, ஒரே அங்கன்வாடி, அதனால் அவர்களின் பதில்களும் ஓரளவு ஒன்றுபோலவே இருக்கும். கொத்துக்கு 22 பெண்கள், அவர்களுக்குள் ஒற்றுமை (0 என்றால் கொஞ்சமும் இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒன்றே) 0.05 என்று வைத்துக்கொண்டால் 1 + 21 × 0.05 = 2.05. அதாவது 2,200 பெண்களிடமிருந்து கிடைப்பது, தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த சுமார் 1,070 பேரிடமிருந்து கிடைக்கும் தகவல்தான். இதைச் சொல்லாமல் விட்டால் மென்பொருள் 2,200 என்றே நம்பி, பிழையைக் குறைத்துக் காட்டிவிடும்.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் சாதாரணமாக எடை போட்டால் சதவீதம் சரியாக வரும், நம்பிக்கை இடைவெளி (உண்மையான அளவு எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் இருக்கலாம் என்பது) தப்பாக வரும். அதற்குத் தனி மாட்யூல் வேண்டும், காசும் அதிகம். ஆர் என்ற மென்பொருள் இலவசம், அதில் ‘சர்வே’ என்ற பேக்கேஜில் கொத்து, அடுக்கு (மாதிரி எடுக்கும் முன் ஊர்களைப் பிரித்த பிரிவுகள்), எடை மூன்றையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

களப்பணி_மணி:

நான் ரத்தம் எடுக்கும் குழுவில் சில காலம் இருந்தவன், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் டேட்டாவில் இருக்கிற ஹீமோகுளோபின், விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டை ஹீமோக்யூ கருவியில் வைத்துப் பார்த்தது. முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும், விரலைப் போட்டுப் பிழியக் கூடாது, பிழிந்தால் திசு நீர் கலந்து அளவு குறைந்துவிடும். குளிர்ந்த கை, வயல் வேலையில் காய்த்துப்போன விரல், சொட்டு வராது, பின்னால் வரிசை நிற்கும், அந்த நேரத்தில் எத்தனை பேர் பிழியாமல் காத்திருப்பார்கள்? உங்களுக்கே தெரியும். ஆய்வின் வரம்புகள் என்று எழுதும்போது எல்லோரும் எழுதுகிற அந்த இரண்டு வரியோடு விடாதீர்கள், இதை எழுதுங்கள். நீலகிரி மாதிரி உயரமான இடத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதலாக இருக்கும், ஆகவே உயரத்துக்கு ஏற்பத் திருத்திய அளவைத்தான் எடுத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

பி மதிப்பு பற்றி: 25,000 பேர் இருந்தால் ஹீமோகுளோபினில் 0.1 கிராம் வித்தியாசம்கூட ‘சிக்னிபிகன்ட்’ ஆகிவிடும், அதாவது பி மதிப்பு மிகச் சிறியதாக வந்துவிடும். 0.1 கிராமுக்காக நீங்கள் யாருக்காவது மாத்திரையை மாற்றியிருக்கிறீர்களா? வித்தியாசம் எவ்வளவு, அதன் நம்பிக்கை இடைவெளி என்ன, இந்த இரண்டையும் முன்னால் வையுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, அடுத்து நீங்கள் போடப்போகிற லாஜிஸ்டிக் ரிக்ரஷன், அதாவது ஆம்/இல்லை என்ற விளைவோடு பல மாறிகளுக்கு உள்ள தொடர்பை ஒன்றாகப் பார்க்கும் முறை. எல்லா தீசிஸிலும் இந்தத் தவறைப் பார்க்கிறேன். படிக்காத பெண்களில் 60 சதவீதம், படித்தவர்களில் 48 சதவீதம் ரத்தசோகை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 60-ஐ 48-ஆல் வகுத்தால் 1.25, அதாவது கால் பங்கு அதிகம். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் தருகிற ஆட்ஸ் ரேஷியோ, அதாவது நோய் உள்ளவர்களை இல்லாதவர்களால் வகுத்து இரண்டு குழுவையும் ஒப்பிடுவது, என்ன வரும்? 60/40 என்பது 1.5, 48/52 என்பது 0.92, வகுத்தால் 1.63. இதைப் பார்த்துவிட்டு ‘63 சதவீதம் அதிக வாய்ப்பு’ என்று எழுதிவிடுவார்கள், கைடும் கையெழுத்துப் போட்டுவிடுவார். நோய் அபூர்வமாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பாதிப் பேருக்கு மேல் இருக்கிற ரத்தசோகைக்கு அது பொருந்தவே பொருந்தாது. பாய்சான் ரிக்ரஷன் என்ற இன்னொரு வகையைப் போட்டு, பிழையை மட்டும் ரோபஸ்ட் முறையில் (மாடலின் அனுமானம் சரியாகப் பொருந்தாவிட்டாலும் தாங்கும் முறையில்) எடுத்தால் அந்த 1.25 நேராகவே கிடைக்கும். கொத்தைச் சொல்லிவிட்டால் ஆர் அதையும் பார்த்துக்கொள்ளும்.

படிக்க வேண்டும் என்றே தோன்றினால், சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் கோர்ஸைப் பாருங்கள், ஆய்வுக் கேள்வியிலிருந்து தொடங்குவார்கள்.

பொதிகைச்சாரல்:

நான்கு ராத்திரி உட்கார்ந்தேன். 53.4 வந்துவிட்டது! எடை போட்ட பிறகும் வரவில்லை, அப்புறம்தான் தெரிந்தது. ரத்தசோகை மாறியில் 1 கடுமை, 2 மிதம், 3 லேசு, 4 இல்லை. நான் 1, 2, 3 எல்லாம் ‘ஆம்’, மற்றதெல்லாம் ‘இல்லை’ என்று மாற்றியிருந்தேன். அந்த ‘மற்றதெல்லாம்’ என்பதில் ரத்தமே கொடுக்காத பெண்களும் சேர்ந்து, கட்டம் காலியாக இருந்தவர்களை எல்லாம் நல்ல ஆரோக்கியம் என்று கணக்கில் ஏற்றியிருக்கிறேன். பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. மணி அண்ணா, திருத்திய அளவைத்தான் எடுத்திருக்கிறேன், பிழிகிற விஷயத்தையும் எழுதிவிட்டேன்.

இப்போது அடுத்த சந்தேகம். வீட்டு வசதியையும் ரிக்ரஷனில் சேர்க்க வேண்டும் என்கிறார் கைடு. சேர்த்தால் படிப்பின் பங்கு பாதியாகக் குறைகிறது. சேர்ப்பதா, வேண்டாமா?

எண்ணும்எழுத்தும்:

வாழ்த்துகள், அந்தக் காலிக் கட்டத்தை நீங்களாகவே பிடித்தது பெரிய விஷயம்.

வசதி பற்றி மென்பொருளைக் கேட்டால் பதில் வராது, உங்களுக்குத்தான் தெரியும். பிறந்த வீட்டு வசதியால் படித்தாரா, அல்லது படித்ததால் வேலைக்குப் போய் இப்போது வசதியாக இருக்கிறாரா? முதலாவது என்றால் சேர்க்க வேண்டும். இரண்டாவது என்றால் படிப்பு வேலை செய்கிற வழியையே நீங்கள் அடைத்துவிடுவீர்கள். இந்த டேட்டாவில் இருப்பது இன்றைய வீட்டின் வசதி, பிறந்த வீட்டினுடையது அல்ல. ஒரு தாளில் படிப்பு, வசதி, வயது, பிள்ளைகள் எண்ணிக்கை, ரத்தசோகை எல்லாவற்றையும் எழுதி, எது எதற்கு முன்னால் வருகிறது என்று அம்புக்குறி போடுங்கள். போட்டோ எடுத்து இங்கேயே ஏற்றுங்கள், பார்க்கலாம்.